கோழிக் குஞ்சுகளும் வெள்ளைக் கழிச்சல் நோயும்

நம் கிராமங்களில் கோழி வளர்க்காத வீட்டைக் காண்பது அரிது. ஏர் பூட்டி உழும் குடியானவர் வீட்டிலும், நிலமில்லாத கூலி உழைப்பாளியின் குடிசையிலும், வாசலில் நாலைந்து கோழிகள் கிளறிக்கொண்டு திரிவதை நாம் காண்கிறோம். இவற்றிற்கெனத் தனியே தீனி வாங்குவார் சிலரே. களத்தில் சிந்திய தானியத்தையும், அடுப்படியில் மிஞ்சிய பருக்கையையும், குப்பைமேட்டுப் புழு பூச்சிகளையும் தின்று அவை வளர்கின்றன. பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கவும், விருந்தினர் வந்தபொழுது கறி சமைக்கவும், திடீரென்று ஒரு மருந்துச் செலவு நேர்ந்தபொழுது கைமாற்றுத் தேடாமலிருக்கவும் உதவுவன இக்கோழிகளே. மாடு கன்றுகள் குடும்பத்தின் பொதுச் சொத்து என்றால், கோழிகள் பெரும்பாலும் வீட்டுத் தாய்மார்களின் சொந்தக் கைப்பொருள் என்றே சொல்லலாம்.

இந்தக் கைப்பொருளை ஒரே வாரத்தில் இல்லாமற் செய்துவிடும் நோய் ஒன்று உண்டு. அதுவே வெள்ளைக் கழிச்சல் நோய். கோழிக் கழிச்சல் என்றும், இராணிக்கேட் நோய் என்றும் அதனை வழங்குவர். ஊருக்குள் இந்நோய் புகுந்தால் பெரிய கோழி, சிறிய கோழி என்று பாராமல் வாரிக்கொண்டு போகும். ஆயினும், மிகுதியாக மடிபவை குஞ்சுகளும் விடலைக் கோழிகளுமே ஆகும். இந்நோயை எவ்வாறு அறிந்துகொள்வது, எவ்வாறு வருமுன் தடுப்பது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஒரு வீட்டில் நடப்பது

முதலில், நம் ஊர்களில் வழக்கமாக நடப்பது ஒன்றை எண்ணிப் பார்ப்போம். ஒரு வீட்டில் மூன்று பெட்டைகள் அடைகாத்து முப்பது குஞ்சுகள் பொரித்திருக்கின்றன. பருந்துக்கும் காக்கைக்கும் பூனைக்கும் போக இருபது குஞ்சுகள் தேறியிருக்கின்றன. அடைக்கு முட்டை சேர்த்தது, இருபத்தொரு நாள் அடை காத்தது, குருணை இட்டுக் கண்ணுங் கருத்துமாய்ப் பார்த்தது எல்லாம் சேர்ந்து மூன்று மாத உழைப்பு ஆகிவிட்டது. இன்னும் இரண்டு மூன்று மாதம் பொறுத்தால் சேவல்களை விற்றுப் பணமாக்கலாம். பெட்டைகள் முட்டையிடத் தொடங்கும்.

இந்த வேளையில் வீட்டுக்காரர் சந்தைக்குப் போகிறார். அங்கே ஒரு கொழுத்த பெட்டை மலிவாகக் கிடைக்கிறது. மகிழ்ச்சியுடன் வாங்கி வந்து, மற்றக் கோழிகளோடு சேர்த்துப் பஞ்சாரத்தில் அடைக்கிறார். மூன்றாம் நாள் அப்பெட்டை தலையைத் தொங்கவிட்டுத் தூங்கி விழுகிறது. ஐந்தாம் நாள் இறக்கிறது. அடுத்த வாரத்தில் குஞ்சுகள் ஒவ்வொன்றாய் வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன. இரண்டு மூன்று நாளில் பஞ்சாரம் வெறுமையாகிறது. அத்துடன் அடுத்த வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் கோழிகள் விழத் தொடங்குகின்றன.

அந்தப் பெட்டை சந்தையில் மலிவாகக் கிடைத்தது ஏன் என்று அப்பொழுது எவரும் கேட்பதில்லை. அதனை விற்றவர் வீட்டிலும் நோய் வந்திருந்தது. சாகுமுன் காசாக்கிவிடுவோம் என்று அவர் சந்தைக்குக் கொண்டு வந்தார். அவர் தமது நஷ்டத்தில் சிறிது குறைத்துக்கொண்டார். ஆனால் வேறோர் ஊர் முழுவதும் அந்நஷ்டத்தை ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. இந்நோயின் கதை பெரும்பாலும் இத்தகையதே. ஆகவே, இதனைத் தடுப்பதும் ஒரு வீட்டால் மட்டும் ஆகக்கூடிய காரியமன்று என்பதை நாம் தொடக்கத்திலேயே மனத்திற் கொள்ள வேண்டும்.

பெயர் வந்த வரலாறு

1926-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும், இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தை அடுத்த பகுதியிலும் கோழிகள் கூட்டங்கூட்டமாய் மடிந்தன. ஆராய்ச்சியாளர்கள் இதுவரை அறியப்படாத ஒரு நோய் என்று கண்டு, அதற்கு நியூகாசில் நோய் என்று பெயரிட்டனர். அடுத்து 1927-ஆம் ஆண்டில், இமயமலைச் சாரலில் குமாவுன் பகுதியில் உள்ள இராணிக்கேட் என்னும் மலை நகரில் இதே நோய் காணப்பட்டது. அதனால் நம் நாட்டில் இராணிக்கேட் நோய் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதே குமாவுன் மலைப்பகுதியில் உள்ள முக்தேசுவரத்தின் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் 1940-களில் இந்நோய்க்கு ஒரு தடுப்பு மருந்து உருவாக்கப்பட்டது. பெரிய கோழிகளுக்கு இன்றும் நம் கிராமங்களில் போடப்படும் ஊசி அந்த வழியில் வந்ததே ஆகும்.

இராணிக்கேட் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் இராணிப்பேட்டையை நினைத்துக்கொள்வோரும் உண்டு. நோயின் பெயருக்கும் அவ்வூருக்கும் தொடர்பில்லை. ஆனால், நோயைத் தடுப்பதில் தொடர்பு உண்டு. 1932-ஆம் ஆண்டு முதல் இராணிப்பேட்டையில் இயங்கிவரும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் இந்நோய்க்கான தடுப்பு மருந்துகள் தயாரிக்கப்படுகின்றன. நோய்க்குப் பெயர் தந்தது இராணிக்கேட். அதற்கு மருந்து தருவது இராணிப்பேட்டை என்று நினைவு வைத்துக்கொள்ளலாம்.

நோய் பரவும் விதம்

பாராமிக்ஸோ என்னும் வகையைச் சேர்ந்த வைரஸ் கிருமியே இந்நோய்க்குக் காரணம். இது கண்ணுக்குப் புலப்படாத மிக நுண்ணிய கிருமி. நோயுற்ற கோழியின் எச்சத்திலும், மூக்குச் சளியிலும், அது விடும் மூச்சிலும் இக்கிருமி ஏராளமாக வெளிப்படுகிறது. அந்த எச்சம் கலந்த தீனியைக் கொத்தும் கோழிக்கும், அந்த நீரைக் குடிக்கும் கோழிக்கும், பக்கத்தில் நின்று மூச்சு விடும் கோழிக்கும் நோய் தொற்றுகிறது.

கோழியின் வழியாக மட்டுமே நோய் பரவும் என்று எண்ணுவது தவறு. நோய் கண்ட வீட்டுக்குச் சென்று வருபவரின் செருப்பில் ஒட்டிய எச்சம், வியாபாரியின் கூடை, சாக்கு, சைக்கிள், முட்டை அடுக்கிய தட்டு, கழித்துப் போட்ட இறகு, குடல் ஆகிய எல்லாவற்றோடும் கிருமி பயணம் செய்கிறது. செத்த கோழியை வாய்க்காலில் எறிந்தால் நாயும் காக்கையும் அதனை இழுத்துச் சென்று ஊரெங்கும் இறைக்கின்றன. புறாக்களும் இந்நோய்க்கு உள்ளாகிப் பரப்பக்கூடியவை.

வெயிலும் சூடும் இக்கிருமிக்குப் பகை. நேரான சூரிய வெளிச்சத்தில் அது விரைவில் அழிகிறது. ஆனால், நிழலும் ஈரமும் உள்ள இடத்தில், எச்சத்தினுள் புதைந்து, பல நாட்கள் உயிருடன் இருக்கவல்லது. ஆகையால் கோழிக்கூண்டு காற்றும் வெளிச்சமும் படும்படி இருக்க வேண்டுவது அவசியம்.

கிருமி உடலிற் புகுந்த பின் நோய் வெளிப்படச் சாதாரணமாக ஐந்தாறு நாட்கள் ஆகும். சில வேளைகளில் இரண்டே நாளில் வெளிப்படும். சில வேளைகளில் இரண்டு வாரமும் ஆகலாம். சந்தையில் வாங்கும்பொழுது கோழி நன்றாகத்தானே இருந்தது என்று பலர் வியப்பதற்குக் காரணம் இதுவே. வெளிப்பார்வைக்கு நலமாக உள்ள கோழி, உள்ளே நோயைச் சுமந்து வந்திருக்கலாம்.

குஞ்சுகள் அதிகம் மடிவது ஏன்?

தாய்க்கோழிக்குத் தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டிருந்தால், அதன் உடலில் உண்டான எதிர்ப்புச் சக்தியில் ஒரு பகுதி முட்டையின் மஞ்சட் கரு வழியாகக் குஞ்சுக்கும் கிடைக்கிறது. இது தாய் தரும் சீதனம் போன்றது. ஆனால், அச்சீதனம் நெடுநாள் நிலைப்பதில்லை. நாளுக்கு நாள் குறைந்து, ஏறக்குறைய மூன்று வாரத்தில் தீர்ந்துபோகிறது. அதன்பின் குஞ்சு தன் காலில் தான் நிற்க வேண்டியதாகிறது. தாய்க்கோழிக்கே தடுப்பு மருந்து கொடுக்கப்படவில்லையென்றால் குஞ்சுக்குப் பிறந்த நாளிலிருந்தே பாதுகாப்பு இல்லை.

இங்கே நாம் வழக்கமாகச் செய்யும் ஒரு பிழையைக் குறிப்பிட வேண்டும். ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில், கோடை தொடங்குமுன், கால்நடை பராமரிப்புத் துறையினர் ஊர்தோறும் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகின்றனர். அம்முகாமில் எட்டு வாரத்திற்கு மேற்பட்ட கோழிகளுக்கு ஊசி போடப்படுகிறது. இது மிகவும் பயனுள்ள பணி. ஆயினும், எங்கள் வீட்டில் ஊசி போட்டாயிற்று என்று அத்துடன் நிம்மதி கொள்வது தகாது. முகாமன்று நான்கு வாரக் குஞ்சாக இருந்தவற்றிற்கு ஊசி போட்டிருக்க மாட்டார்கள். முகாமுக்குப் பின் சித்திரையிலும் ஆடியிலும் பொரித்த குஞ்சுகளுக்கு அந்த ஊசியால் பயனில்லை. வீட்டில் எத்தனை முறை குஞ்சு பொரிக்கிறதோ, அத்தனை முறையும் புதிதாகப் பாதுகாப்புத் தேட வேண்டும்.

நோயின் அறிகுறிகள்

நோய் கண்ட குஞ்சு முதலில் தீனியை வெறுக்கும். தாயோடு ஓடாமல் பின்தங்கி நிற்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, சிறகைத் தொங்கவிட்டு, கண்ணை மூடித் தூங்கி விழும். பிறகு கீழ்க்கண்ட அறிகுறிகள் தோன்றும்.

முதலாவது, மூச்சுத் திணறல். கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். தும்மலும், தொண்டையில் கரகரப்பான ஒலியும் உண்டாகும். மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் கோழை வடியும். இரவில் கூண்டின் அருகே செவி சாய்த்தால் இவ்வொலியைத் தெளிவாகக் கேட்கலாம்.

இரண்டாவது, கழிச்சல். வெண்மையும் பச்சையும் கலந்து நீராகக் கழியும், துர்நாற்றம் வீசும், பின்புறத்து இறகுகளில் அது ஒட்டியிருக்கும். வெள்ளைக் கழிச்சல் என்ற பெயர் வந்தது இதனால்தான்.

மூன்றாவது, நரம்புக் கோளாறு. கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். தலை பின்னோக்கி வளையும். குஞ்சு நின்ற இடத்திலேயே வட்டமிடும், பின்னுக்கு நடக்கும், தீனியைக் கொத்த முயன்றால் அலகு குறி தவறும். காலும் சிறகும் செயலிழந்து போவதும் உண்டு. பிழைத்தெழும் சில கோழிகளிலும் இக்கழுத்துத் திருகல் நெடுநாள் நீங்காமல் இருக்கும்.

எல்லாக் கோழிகளிலும் எல்லா அறிகுறிகளும் ஒருங்கே தோன்றுவதில்லை. நோய் மிகக் கடுமையாக வந்தால் ஓர் அறிகுறியும் காட்டாமல், மாலையில் அடைத்த கோழி காலையில் செத்துக் கிடக்கும். முட்டையிடும் கோழிகளில் முட்டை திடீரென்று குறையும். தோல்முட்டையும் கோணல் முட்டையும் இடும். தடுப்பு மருந்து பெறாத மந்தையில் கடுமையான நோய் புகுந்தால் நூற்றுக்குத் தொண்ணூறும், சில வேளைகளில் நூறும் மடிந்துவிடும்.

பிற நோய்களினின்று பிரித்தறிதல்

குஞ்சுகள் கழிவதெல்லாம் வெள்ளைக் கழிச்சல் நோய் அன்று. பிறந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் குஞ்சுகள் சுண்ணாம்புபோல் வெள்ளையாகக் கழிந்து, பின்புறம் அடைபட்டுச் சாகுமாயின், அது பாக்டீரியாக் கிருமியால் முட்டை வழியாக வந்த வேறொரு நோயாக இருக்கலாம். மூன்று வாரத்துக்கு மேற்பட்ட குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம் தென்பட்டால் அது இரத்தக் கழிச்சல். ஈரமான தரையில் வளரும் குஞ்சுகளுக்கு இது வருகிறது. இதற்கு மருந்து உண்டு. கொண்டையிலும் கண்ணோரத்திலும் பருப்போன்ற கொப்புளங்கள் தோன்றினால் அது கோழி அம்மை. மூன்று முதல் ஆறு வார வயதுக் குஞ்சுகள் நீராகக் கழிந்து, நடுங்கி, சில நாட்களில் இறந்தால் கம்போரோ என்னும் நோயாக இருக்கக்கூடும். அதில் கழுத்துத் திருகல் காணப்படாது.

மூச்சுத் திணறல், பச்சை வெள்ளைக் கழிச்சல், கழுத்துத் திருகல் ஆகிய மூன்றும் ஒரே மந்தையில் காணப்பட்டு, வயது வேறுபாடின்றிக் கோழிகள் அடுத்தடுத்து மடிந்தால், அது பெரும்பாலும் இராணிக்கேட் நோயே ஆகும். எனினும், பறவைக் காய்ச்சல் என்னும் கொடிய நோயும் வெளிப்பார்வைக்கு இதனைப் போலவே தோன்றக்கூடும். அது மனிதருக்கும் தீங்கு செய்யவல்லது. ஆகவே, பல கோழிகள் ஒரே சமயத்தில் செத்தால் நாமே முடிவு செய்துகொள்ளாமல் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு உடனே சொல்லியனுப்புவது நம் கடமை. செத்த கோழியை மருத்துவர் அறுத்துப் பார்த்தால், இரைப்பையின் உட்சுவரில் ஊசி முனை அளவான இரத்தப் புள்ளிகளைக் கண்டு இராணிக்கேட் நோய் என ஐயுறுவார். ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி உறுதி செய்துகொள்வார்.

இராணிக்கேட் கிருமியால் மனிதருக்குப் பெருந்தீங்கு இல்லை. நோயுற்ற கோழியைக் கையாண்டவருக்குச் சில நாட்கள் கண் சிவந்து நீர் வடிவது உண்டு. அது தானே குணமாகிவிடும்.

வந்த பின் மருந்து உண்டா?

இல்லை என்பதே உண்மையான விடை. வைரஸ் கிருமியைக் கோழியின் உடலில் அழிக்கக்கூடிய மருந்து ஏதும் நடைமுறையில் இல்லை. பாக்டீரியாக்களைக் கொல்லும் மருந்துகள் இக்கிருமியை ஒன்றும் செய்வதில்லை. கடையில் எதையோ வாங்கித் தண்ணீரில் கலந்து கொடுப்பது வீண் செலவாகவே முடிகிறது. வெங்காயம், பூண்டு, மஞ்சள், கீழாநெல்லி முதலியவற்றை அரைத்துக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அதையே நம்பித் தடுப்பு மருந்தைக் கைவிடுவது பெரும் பிழை. வந்தபின் போக்குவது அரிது. வராமல் தடுப்பது எளிது.

தடுப்பு மருந்து கொடுக்கும் முறை

தடுப்பு மருந்தில் இரு வகை உண்டு. ஒன்று மென்மையானது; மற்றொன்று அதனினும் வலியது. மென்மையானது குஞ்சுகளுக்கு உரியது. எப், லசோட்டா என்னும் பெயர்களால் அதனை அழைப்பர். வலியது வளர்ந்த கோழிகளுக்கு உரியது; முக்தேசுவர வழியில் வந்த ஊசி மருந்து இதுவே.

குஞ்சு பொரித்த ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், மென்மையான மருந்தில் ஒரு சொட்டைக் கண்ணிலாவது மூக்கிலாவது விட வேண்டும். சொட்டு விட்டவுடன் குஞ்சைக் கீழே விடலாகாது. குஞ்சு கண்ணை இமைத்து, மருந்து உள்ளே இறங்கியதைக் கண்ட பின்னரே விட வேண்டும். நான்காம் வாரத்தில் அதே மருந்தை மீண்டும் கொடுக்க வேண்டும். தாய் தந்த சக்தி தீர்ந்துபோன சமயத்தில் இரண்டாம் முறை கொடுப்பதால் குஞ்சுக்குத் தன் சொந்தச் சக்தி உண்டாகிறது.

எட்டாம் வாரத்தில் வலிய மருந்தை அரை மில்லி அளவு, இறக்கையின் அடியில் தோலுக்குக் கீழே ஊசி மூலம் செலுத்த வேண்டும். பதினாறு முதல் பதினெட்டு வாரத்தில், அதாவது பெட்டை முட்டையிடத் தொடங்குமுன், மறுமுறை போடுவது நலம். அதன்பின் ஆண்டுதோறும் முகாமின்போது தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

எட்டு வார ஊசியை முன்னதாகவே குஞ்சுக்குப் போட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். அது ஆகாது. வலிய மருந்தில் உள்ளது உயிருள்ள கிருமி. வளர்ந்த கோழி அதனைத் தாங்கிச் சக்தி பெறும்; ஆறு வாரத்துக்குட்பட்ட குஞ்சோ அதனாலேயே நோயுறக்கூடும்; காலும் சிறகும் செயலிழந்து போகவும் கூடும். அவ்வாறே முட்டையிட்டுக்கொண்டிருக்கும் பெட்டைக்கு அதைப் போட்டால் சில நாட்கள் முட்டை குறையலாம். ஆதலால் எந்த வயதுக்கு எந்த மருந்து என்பதை மாற்றாமல் பின்பற்ற வேண்டும்.

ஊசி போடுவதற்கு ஒரு வாரம் முன்னதாகக் குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிட்டால் கோழி முழுப்பயனையும் அடையும். நலிந்த கோழிக்கும் நோயுள்ள கோழிக்கும் ஊசி போடலாகாது. நாட்டுக் கோழிகளைப் பகலில் பிடிப்பது எளிதன்று. ஆகவே, முந்திய மாலையில் அவற்றைப் பஞ்சாரத்தில் அடைத்து வைத்து, விடியற்காலையில் திறந்துவிடுமுன் மருந்து கொடுப்பதே சிறந்த முறை. வெயிலுக்கு முன் வேலை முடிவதால் மருந்துக்கும் கேடில்லை.

ஒரு குப்பியும் ஓர் ஊரும்

தடுப்பு மருந்தின் உயிர் குளிர்ச்சியில் இருக்கிறது. அதனை 2 முதல் 8 டிகிரி வரையுள்ள குளிரில் வைத்திருக்க வேண்டும். மருந்தகத்திலிருந்து ஊருக்குக் கொண்டு வரும்பொழுது பனிக்கட்டி இட்ட பிளாஸ்கில் வைத்தே கொண்டு வரவேண்டும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் பத்துக் கல் தொலைவு வந்தால், குப்பி வந்து சேரும்; மருந்து வந்து சேராது. அத்தகைய மருந்தைக் கொடுத்துவிட்டு, தடுப்பு மருந்தால் பயனில்லை என்று பழிப்பது முறையன்று.

மேலும், குப்பியைத் திறந்து, அதற்குரிய கரைப்பு நீரில் கலந்த பின் இரண்டு மணி நேரத்துக்குள் முழுவதையும் பயன்படுத்திவிட வேண்டும். மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்ள இயலாது. இங்கேதான் நம் கிராமங்களில் ஒரு பெரும் இடையூறு தோன்றுகிறது. ஒரு குப்பியில் நூறு கோழிகளுக்கும் அதற்கு மேலும் போதுமான மருந்து இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டிலோ பத்துக் கோழிகளே இருக்கின்றன. பத்துக் கோழிக்காக ஒரு குப்பியைத் திறந்து மீதியைக் கொட்டுவதா என்று வீட்டார் தயங்குகின்றனர். அத்தயக்கத்தில் நாள் கழிகிறது, நோய் முந்திக்கொள்கிறது.

இதற்கு வழி ஒற்றுமையே. ஒரு தெருவில் உள்ள பத்து வீட்டார் கலந்து பேசி, மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டால், ஒரு குப்பி பத்து வீட்டிற்கும் போதும். அந்த மாதத்தில் பொரித்த குஞ்சுகள் எல்லாம் ஒரே காலைப்பொழுதில் பாதுகாப்புப் பெறும். குறித்த நாளில் வருவதால் சில குஞ்சுகளுக்கு வயது சில நாட்கள் முன்பின்னாக அமையலாம். மருந்தே பெறாமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேலானது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் இப்பணியை மேற்கொள்வது மிகவும் பொருத்தம். குழுவில் இருவர் கால்நடை மருந்தகத்தில் சொட்டு மருந்து விடும் முறையைக் கற்றுக்கொண்டு, ஒரு பிளாஸ்கும் ஒரு குறிப்பேடும் வைத்துக்கொண்டால் போதும். எந்த வீட்டில் எத்தனை குஞ்சுகள், எந்த நாளில் மருந்து விடப்பட்டது என்று குறிப்பேட்டில் எழுதி வந்தால், அடுத்த முறை எப்பொழுது என்ற ஐயம் எழாது.

பத்து வீட்டில் ஒன்பது வீட்டார் மருந்து கொடுத்து ஒரு வீட்டார் கொடாமல் விட்டால், அந்த ஒரு வீடே நோய் நுழையும் வாசலாகிவிடும். கோழிகளுக்கு வேலியும் எல்லையும் தெரியாதல்லவா?

ஊசி போட்டதால் கோழி செத்ததா?

தடுப்பூசியைப் பற்றி ஊரில் ஒரு குறை அடிக்கடி பேசப்படுகிறது. ஊசி போட்ட நாலாம் நாள் கோழிகள் செத்தன. ஊசியே கொன்றது என்பர். இதனை நாம் புறக்கணித்துவிடலாகாது. விளக்கிச் சொல்ல வேண்டும்.

ஊசி போட்டவுடன் எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை. அதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். அதற்கு முன்பே கோழியின் உடலில் நோய்க்கிருமி புகுந்திருந்தால், ஊசி அதனைக் காப்பாற்றாது. பெரும்பாலும் நம்மவர்கள் பக்கத்துத் தெருவில் கோழிகள் சாகத் தொடங்கிய பின்னரே ஊசிக்கு ஓடுகின்றனர். அப்பொழுது பல கோழிகளின் உடலில் நோய் ஏற்கனவே மறைந்திருக்கிறது. மேலும், நோயுள்ள கோழிக்குக் குத்திய அதே ஊசியை நல்ல கோழிக்கும் குத்தினால் நோய் ஊசியோடு செல்கிறது. இவ்விரு காரணங்களால் வந்த சாவை ஊசியின் மேல் ஏற்றுகிறோம். வீடு பற்றிய பின் கிணறு வெட்டியவர், கிணற்றைக் குறை கூறலாமா?

நோய் வந்துவிட்டால்

முன்னெச்சரிக்கை தவறி நோய் வந்துவிட்டதாயின் செய்யத்தக்கவை சில உண்டு.

நோயுற்ற கோழிகளை உடனே தனியே பிரித்து வைக்க வேண்டும். நல்ல கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகே அவற்றிடம் செல்ல வேண்டும். திரும்பியதும் கை கால்களைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். நோய் அடங்கும் வரை கோழிகளை வெளியே திரிய விடலாகாது. செத்தவற்றை வெறுங் கையால் தொடாமல், மூன்றடிக்குக் குறையாத ஆழத்தில் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். கூண்டில் உள்ள எச்சத்தையும் குப்பையையும் கூட்டி எரித்துவிட வேண்டும். பஞ்சாரம், தண்ணீர்ச் சட்டி முதலியவற்றைக் கழுவிப் பல நாட்கள் நல்ல வெயிலில் காயவிட வேண்டும். கூண்டின் தரைக்கும் சுவருக்கும் சுண்ணாம்பு பூச வேண்டும். குறைந்தது ஒரு மாதமேனும் கூண்டை வெறுமையாக விட்டு, அதன் பின்னரே புதுக் கோழிகளைக் கொண்டு வரவேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. நோய் கண்ட வீட்டுக் கோழியைச் சந்தைக்குக் கொண்டு செல்லலாகாது. உறவினர் வீட்டுக்கும் அனுப்பலாகாது. ஏழை வீட்டில் இது கடினமான அறிவுரை என்பதை நாம் அறிவோம். இருபது கோழி சாகப்போகிறது என்று தெரிந்தும் அவற்றை விற்காமல் இருப்பதற்கு மனவுறுதி வேண்டும். ஆனால், நாம் விற்ற கோழி வாங்கியவர் வீட்டு முற்றத்தை வெறுமையாக்கும். நாளை அங்கிருந்து கிளம்பும் கோழி நம் முற்றத்துக்கே திரும்பி வரவுங் கூடும். சந்தை எல்லா ஊர்களுக்கும் பொது, நோயும் அவ்வாறே.

வாங்கும்பொழுதும் விழிப்பு வேண்டும். புதிதாக வாங்கி வந்த கோழி எத்துணை அழகாக இருப்பினும், அதனை இரண்டு வாரம் தனிப் பஞ்சாரத்தில், மற்றவற்றுக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பார்த்த பின்னரே கூட்டத்தில் சேர்க்க வேண்டும். நோய் மறைந்திருக்கும் காலம் இரண்டு வாரம் வரை நீளும் என்று முன்னர்க் கூறினோம். அந்த இரண்டு வாரப் பொறுமை இருபது குஞ்சுகளின் உயிரைக் காக்கும்.

முடிவுரை

கோழி வளர்ப்புக்குப் பெருமுதல் வேண்டுவதில்லை, நிலம் வேண்டுவதில்லை. அதனாலேயே வறிய குடும்பங்களுக்கு அது சிறந்த துணைத் தொழிலாக விளங்குகிறது. அதே காரணத்தால், கோழிகள் மடியும்பொழுது இழப்பு முதலில் விழுவதும் அக்குடும்பங்களின் மேல்தான். ஒரு துளி மருந்தும், ஒரு பிளாஸ்குப் பனிக்கட்டியும், மாதத்தில் ஒரு விடியற்காலைப் பொழுதும் இந்த இழப்பைத் தடுக்கவல்லன. மருந்தைத் தயாரித்து அளிப்பது அரசாங்கத்தின் பொறுப்பு; அது வாடாமல் ஊருக்கு வந்து சேரவும், ஒவ்வொரு குஞ்சுக்கும் உரிய நாளில் கிடைக்கவும் செய்வது நம் பொறுப்பு. அடுத்த முறை உங்கள் வீட்டுப் பெட்டை குஞ்சுகளோடு அடையிலிருந்து எழுந்து வரும் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அன்றிலிருந்து ஏழு நாட்களுக்குள், அக்கம்பக்கத்து வீட்டாரையும் அழைத்துக்கொண்டு, முதற் சொட்டு மருந்துக்கு ஏற்பாடு செய்யுங்கள்.